சுண்டெலியும் புற்றுநோயும்: ஓர் ஆய்வுரையின் மதிப்பீடு

புற்றுநோயின் முடிவை உலகம் நன்கு அறியும். அதன் தொடக்கத்தைக் கண்டவர் அரியர். நோயாளி மருத்துவரை நாடும்போது கட்டி பெரும்பாலும் பல ஆண்டு வளர்ந்து முதிர்ந்திருக்கும். முதல் உயிரணு என்று நெறி பிறழ்ந்தது, எங்குப் பிறழ்ந்தது என்பதை அப்போது அறிதல் இயலாது. இக்குறையை நீக்க முயன்ற ஆய்வுரைகளுள், 2001-ஆம் ஆண்டு 'ஜீன்ஸ் அண்டு டெவலப்மெண்ட்' என்னும் அமெரிக்க இதழில் வெளிவந்த ஒன்று தனிச் சிறப்புடையது. எரிக்கா ஜாக்சன், டேவிட் டூவ்சன், டைலர் ஜாக்ஸ் முதலியோர் அதன் ஆசிரியர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் அதன் முறை ஆய்வுக்கூடங்களில் வழங்கி வருகிறது. ஆதலின், அது கூறியவற்றுள் நிலைத்தது எது, திருத்தம் பெற்றது எது என ஆராய்தல் தகும்.

முன்னைய முறையோடு ஒப்பிட்டாலன்றி அதன் பெருமை விளங்காது. 1984-இல் பிலிப் லெடர் குழுவினர் புற்று விளைக்கும் மரபணு ஒன்றைச் சுண்டெலியின் கருவிலேயே சேர்த்தனர். அவ்வெலிகளின் ஒவ்வோர் உயிரணுவும் அம்மரபணுவைப் பிறப்பிலேயே பெற்றிருந்தது. மனிதரிடம் புற்று பெரும்பாலும் அவ்வாறு தோன்றுவதில்லை. வளர்ந்த உடலில், நலமுள்ள எண்ணற்ற உயிரணுக்களின் நடுவே, ஒன்று தவறுவதே அதன் தொடக்கம். 2001-ஆம் ஆண்டு ஆய்வுரை இவ்வியல்பைப் பின்பற்ற முற்பட்டது.

அதன் முறை எளிது, நுட்பமும் உடையது. மனிதரின் நுரையீரற் புற்றில் பலகாலும் காணப்படும் கே-ராஸ் மரபணுவின் பிறழ்ந்த வடிவம் எலிக்குள் வைக்கப்பட்டது. ஆயின், அது தொழிற்படாதவாறு முன்னே ஒரு தடையும் வைக்கப்பட்டது. தாழிட்ட கதவு போல அது வாளா கிடக்கும். அத்தாழை வெட்டி நீக்கவல்லது கிரே என்னும் நொதி. அந்நொதியை ஆக்கும் மரபணுவை அடினோவைரஸில் ஏற்றி, எலியின் மூக்கின் வழியே செலுத்தினர். பெருகும் ஆற்றல் நீக்கப்பெற்ற அவ்வைரஸ், தான் புகுந்த உயிரணுக்களில் மட்டும் தாழை நீக்கிற்று.

ஈண்டு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். 1911-இல் பெய்டன் ரவுஸ் கோழிப்புற்று ஒன்றை வைரஸ் விளைப்பதைக் காட்டினார்; அதற்கு நோபெல் பரிசு 1966-இல்தான் கிட்டிற்று. அங்கு வைரஸே நோயின் காரணம். இங்கு அது தூது மட்டுமே. நோயை விளைப்பது எலியினுள் முன்னரே இருந்த மரபணு. இதனை மறந்து, எலிக்கு வைரஸால் புற்று வந்தது என எழுதுவோர் பொருளைத் திரித்தவராவர்.

இம்முறையால் நோயின் தொடக்கநாள் ஆய்வாளர் கைக்கு வந்தது. வைரஸின் அளவைக் கூட்டியும் குறைத்தும் கட்டிகளின் தொகையையும் கட்டுப்படுத்த முடிந்தது. எல்லா எலிகளிலும் நோய் ஒரே நாளில் தொடங்கியமையால், சிறு மிகைவளர்ச்சி தீங்கற்ற கட்டியாகிப் பின் கொடும் புற்றாகும் படிகளை வரிசையாகக் காண இயன்றது. இப்பயன் இன்றும் நிலைத்துள்ளது.

ஆசிரியர்கள் மிகவும் சிறப்பித்துக் கூறிய முடிவோ அவ்வாறு நிலைக்கவில்லை. இருவகை உயிரணுக்களின் அடையாளங்களை ஒருங்கே தாங்கிய புதிய உயிரணு ஒன்று புற்றின் தோற்றத்தில் பங்கு கொள்கிறது என்றனர். 2005-இல் ஜாக்ஸ் குழுவினரே அதனை மூல உயிரணு என வலியுறுத்தினர். ஆனால், மூக்கின் வழியே சென்ற வைரஸ் பலவகை உயிரணுக்களிலும் புகக்கூடியது. புகுந்த இடம் எதுவெனத் தெரியாதபோது, கட்டியருகே கண்ட உயிரணுவைக் கட்டியின் தாய் எனல் எவ்வாறு பொருந்தும்? பின்னர், குறித்த உயிரணுவகையில் மட்டும் நொதியை ஆக்கும் வைரஸ்கள் செய்யப்பட்டன. அவற்றைக் கொண்டு 2014-இல் வெளியான ஆய்வு, அப்புற்று ஒன்றுக்கு மேற்பட்ட உயிரணு வகைகளிலிருந்து தோன்றவல்லது எனக் காட்டிற்று. முதல் ஆய்வின் கருவியே கூர்மை பெற்று அதன் முடிவைத் திருத்தியது பாராட்டத்தக்கது.

மற்றொரு குறை முறையோடு பிறந்தது. புகைப்போரின் நுரையீரற் புற்றில் மரபணு மாற்றங்கள் மிகப் பல. இவ்வெலிகளின் கட்டிகளிலோ மிகச் சில. ஆதலின், உடலின் காப்புப்படை அயலெனக் கண்டு தாக்குதற்கான அடையாளங்களும் அவற்றில் குறைவு. காப்புப்படையைத் தூண்டும் மருந்தை இவ்வெலிகளில் மட்டும் சோதித்து முடிவு கூறுதல் பிழைபடலாம். இதனை உணர்ந்த பிற்காலத்தார், கிரே நொதியுடன் அயற்புரத அடையாளத்தையும் லெண்டிவைரஸில் ஏற்றி அனுப்பினர். கே-ராஸ் ஒன்றே பிறழ்ந்த எலியில் புற்று பிற உறுப்புகளுக்குப் பரவுதல் அரிது. பி-53 என்னும் காவல் மரபணுவையும் நீக்கிய பின்னரே அத்தன்மை தெளிவாகத் தோன்றிற்று. மேலும், கிழக்காசியரிடம், சிறப்பாகப் புகைப்பழக்கம் இல்லாதவரிடம், இ.ஜி.எஃப்.ஆர். என்னும் வேறொரு மரபணுவின் பிறழ்ச்சியே மிகுதி. கே-ராஸ் எலி அவர்தம் நோய்க்கு நேரான உருவாகாது.

இவற்றால் அவ்வாய்வுரை தாழ்ந்ததாகாது. தொடங்கிய நாள் தெரிந்த, காரணம் தெரிந்த ஒரு புற்றை அது தந்தது. ஒரு வினாவைப் பிற வினாக்களிலிருந்து பிரித்துக் கேட்க அதுவே வழி. மனிதரின் புற்றோ நாளும் தெரியாது, பல காரணங்கள் பின்னிக் கிடப்பது. எலியின் கட்டி சுருங்கிற்று என்னும் செய்தியை வகுப்பில் படித்துக் காட்டும் ஆசிரியர், எந்த மரபணு, எந்த வைரஸ், எந்த உயிரணு என்னும் மூன்று வினாக்களையும் மாணவர் கேட்கச் செய்வாராயின், அச்செய்தியின் உண்மையும் எல்லையும் ஒருங்கே புலனாகும்.