ஒரு நாளில் மூன்று துறைமுகங்கள்

இலக்கியப் பத்திரிகையிலே பஸ் பிரயாணம் ஒன்றுக்கு விமர்சனம் எழுதுவதா என்று நண்பர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். நாவலை விமர்சிக்கின்றோம், நாடகத்தை விமர்சிக்கின்றோம், திரைப்படத்தையும் விட்டுவைப்பதில்லை. ஒலிவாங்கியைக் கையிற் பிடித்த ஒருவர், காலை ஏழு மணி தொடக்கம் மாலை ஆறு மணிவரை, நாற்பது பேருக்கு ஒரு தேசத்தின் கதையைச் சொல்லிக்கொண்டு வருவாரானால், அதுவும் ஒரு படைப்பே. அதற்கும் தொடக்கமுண்டு, முடிவுண்டு, கதாநாயகர் உண்டு, சொல்லாது விடப்பட்ட அத்தியாயங்களும் உண்டு. அதைக் கேட்டு வீடு திரும்புவோரின் தொகை நமது சிறந்த நாவல்களை வாசிப்போரின் தொகையிலும் மிகப் பெரிது என்பதையும் மறத்தலாகாது.

மத்தியதரைக் கடலின் கீழைக் கரையோரமாக, டெல் அவீவிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் வீதியில், செசரியா, ஹைபா, அக்கா என்னும் மூன்று துறைமுகப் பட்டினங்களையும் ஒரே நாளிற் காட்டிவிடும் பஸ் பிரயாணங்கள் நெடுங்காலமாக நடந்து வந்துள்ளன. 2018 ஆம் ஆண்டில், யாத்திரைக் குழு ஒன்றுடன் எருசலேம் சென்றிருந்த எனக்கு ஒரு நாள் எஞ்சியது. குழுவினர் கடைவீதிக்குச் சென்றனர். நான் பஸ் ஏறினேன். செசரியா என்னும் பெயர் வேதாகமம் வாசித்தவர்களுக்குப் புதிதன்று. அக்காவும் புதிதன்று, பித்தொலோமாய் என்று அங்கே குறிக்கப்படுவது அதுவே. பவுல் பித்தொலோமாயில் ஒரு நாள் தங்கி மறுநாள் செசரியா சேர்ந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகின்றது. அப்போஸ்தலருக்கே இரண்டு நாள் தேவைப்பட்ட பாதையை நாம் மதிய போசனத்தையும் உட்படுத்தி ஒரு நாளில் முடித்தோம்.

எமது வழிகாட்டி நன்கு கற்றவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னர் நான் கூறப்போவது அவர்மீதான குற்றச்சாட்டென்று எவரும் கருதலாகாது. அவரும் நாட்கூலிக்கு உழைப்பவரே.

செசரியாவின் துறைமுகத்தை அவர் விளக்கிய விதம் ஒரு நல்லாசிரியரின் பாடத்தை ஒத்திருந்தது. ஏரோது மன்னன், கி.மு. 22 அளவில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், இயற்கையான குடாவோ தீவோ இல்லாத வெறுங் கடற்கரையிலே ஒரு துறைமுகத்தை எழுப்பினான். இத்தாலியின் நேப்பிள்ஸ் குடாப் பகுதியிலிருந்து எரிமலைச் சாம்பல் கப்பல்களில் வந்தது. அதனைச் சுண்ணாம்புடனும் கல்லுடனும் கலந்து, கடலில் இறக்கிய மரச்சட்டங்களினுள் நிரப்பினர். உவர்நீருள்ளேயே அது இறுகிக் கல்லாயிற்று. பேரரசன் ஒகஸ்டஸின் பெயரைக் கிரேக்க மொழியிலாக்கித் துறைமுகத்துக்குச் செபஸ்தொஸ் என்று பெயருமிட்டான். இவ்வளவையும் கேட்டு வியந்து நின்ற நாற்பது பேரில் நானும் ஒருவன். ஆயினும், அந்தச் சட்டங்களைக் கடலில் இறக்கிய தோள்கள் யாருடையவை என்பதை அவர் கூறவில்லை. எருசலேம் வீழ்ந்த பின்னர், இதே பட்டினத்தில், தன் தம்பியின் பிறந்தநாளைக் கொண்டாடுவதற்காகத் தீத்து 2,500 பேருக்கு மேற்பட்ட யூதச் சிறைக்கைதிகளை விலங்குகளோடும் தம்முள்ளும் பொரவிட்டும் எரித்தும் கொன்றான் என்று யோசேப்பஸ் எழுதியுள்ளார். அதுவும் சொல்லப்படவில்லை. அரங்கின் படிகளில் எம்மை இருத்தி, குரல் எவ்வளவு தெளிவாக மேலே எட்டுகின்றது என்பதைக் காட்ட ஓர் அம்மையாரைப் பாடச் சொன்னார். அவரும் இனிமையாகவே பாடினார்.

துறைமுகத்தின் பக்கத்தில் ஒரு மசூதிக் கோபுரம் நிற்கின்றது. அதைச் சூழ உணவகங்கள். "இது யார் கட்டியது?" என்று கேட்டேன். "பொஸ்னியாவிலிருந்து வந்தவர்கள், துருக்கியர் காலத்தில்" என்றார். "அவர்கள் இப்போது எங்கே?" அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹைபாவுக்கு நேரமாகிவிட்டது.

இந்தக் கைக்கடிகாரமே இப்படைப்பின் உண்மையான உத்தி என்று எனக்குத் தோன்றியது. நாவலாசிரியன் எதற்கு எத்தனை பக்கம் ஒதுக்குகின்றான் என்பதைக் கொண்டு அவனது நோக்கை அறிகின்றோம் அல்லவா? அவ்வாறே நானும் அன்று நிமிடங்களைக் குறித்துக்கொண்டேன். ஏரோதுக்கு நாற்பது நிமிடம். சிலுவைப் போர் வீரர்க்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நெப்போலியனுக்குப் பத்து. நானூறு ஆண்டுகள் நிலவிய துருக்கிய ஆட்சிக்கு ஒரு மசூதி முற்றத்தில் நின்ற நேரம். 1948 ஆம் ஆண்டுக்கு ஒரு வாக்கியம்.

அந்த வாக்கியம் ஹைபாவில், கார்மேல் மலையுச்சியில் வைத்துச் சொல்லப்பட்டது. கீழே பஹாய் சமயத்தாரின் படிப்படியான பூங்காக்கள். அவற்றுக்கும் கீழே துறைமுகம். அப்பால் நீலக் கடல். எவரும் மயங்கும் காட்சிதான். வழிகாட்டி ஆங்கிலத்திற் கூறியதைத் தமிழாக்கினால், "1948இல் அராபியருட் பெரும்பாலோர் வெளியேறினர்" என்றாகும். நமது தமிழாசிரியர்கள் இவ்வினைச்சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வெளியேறினர் என்பது ஒன்று. வெளியேற்றப்பட்டனர் என்பது வேறொன்று. முன்னதில் எழுவாய் தானே செயல் புரிகின்றது; பின்னதில் வேறொரு கை இருக்கின்றது. அந்த நகரில் ஏறத்தாழ 70,000 அராபியர் வாழ்ந்தனர். ஏப்ரில் 21, 22 ஆம் தேதிகளின் சண்டைக்குப் பின்னர், சில கிழமைகளுள், எஞ்சியவர் சில ஆயிரம் பேரே. நகரத்தின் யூத மேயர் அவர்களைப் போகவேண்டாமென்று வேண்டினார் என்பது உண்மை. மறுபக்கத்தில், துறைமுகத்தையடுத்த சந்தைவெளியில் மோட்டார்க் குண்டுகள் விழ, சனத்திரள் படகுகளை நோக்கி முட்டிமோதி ஓடியதும் உண்மை. சென்றவர்கள் திரும்பிவர விடப்படவில்லை. 1950 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 'இல்லாதோர் சொத்து'ச் சட்டம் அவர்களின் வீடுகளைப் பிறர் கையில் ஒப்புவித்தது. ஒரு வினைச்சொல்லுக்குள் இவ்வளவும் அடங்குமா?

அதே மலையுச்சியிலிருந்து பார்த்தால் தெரிகின்ற துறைமுகத்திலே, 1940 நவம்பரில், பிரித்தானியரால் நாடுகடத்தப்படவிருந்த யூத அகதிகளை ஏற்றிய 'பட்ரியா' என்னும் கப்பல் மூழ்கியது. கப்பலைப் புறப்படவிடாது தடுக்க ஹகானா வைத்த குண்டு கணக்குத் தவறியதால் இருநூற்றைம்பது பேருக்கு மேல் மாண்டனர். அதே நகரில், 1946 ஏப்ரிலில், தபால், புகையிரத ஊழியர்களான அராபியரும் யூதரும் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த ஆண்டு முடியுமுன்னர், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் வாயிலில் இர்குன் இயக்கத்தார் எறிந்த குண்டுகளுக்கு அராபியத் தொழிலாளர் ஆறு பேர் பலியாயினர். ஆலையினுள்ளே 39 யூதத் தொழிலாளர் அடித்துக் கொல்லப்பட்டனர். பழிக்குப் பழியாக அயற்கிராமம் ஒன்று இரவோடிரவாகத் தாக்கப்பட்டது. ஒன்றாகக் கொடிபிடித்த கைகள் இருபது மாதத்துள் ஒன்றையொன்று கொல்லுமளவுக்கு மாறியது எவ்வாறு? இந்த நூற்றாண்டின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு இதைவிடப் பெரிய கேள்வி அந்த மலையில் வேறில்லை. பஸ் பிரயாணம் யூதத் தொழிலாளியையும் அகதியையும்கூடப் பேசவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அது அராபியருக்கு எதிரான கதை என்பதைக் காட்டிலும், உழைத்தவர் எவருமே இல்லாத கதை என்பது பொருந்தும்.

அக்காவில் இது இன்னும் தெளிவாயிற்று. ஹொஸ்பிற்றலர் துறவுப் படையினர் கட்டிய மண்டபங்கள் உண்மையிலேயே பேரழகு வாய்ந்தவை. 1291 ஆம் ஆண்டு மம்லூக்கியரிடம் நகர் வீழ்ந்த பின்னர் மண்மூடிக் கிடந்து, மீண்டும் அகழ்ந்தெடுக்கப்பட்டவை. கல்லில் இவ்வளவு குளிர்ச்சி இருக்குமென்று நான் அறிந்ததில்லை. அங்கிருந்து 1781 ஆம் ஆண்டின் மசூதிக்குச் சென்றோம். அதைக் கட்டியவன் அஹமட் ஜஸ்ஸார். 'கசாப்புக்காரன்' என்பது அவன் பட்டப்பெயர். 1799இல் நெப்போலியனைத் திருப்பி அனுப்பியவன். அவன் பிறந்தது பொஸ்னியாவில் என்றார் வழிகாட்டி. அப்போது எனக்குக் காலையில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. பொஸ்னியாவில் பிறந்து பாஷாவானவனுக்குப் பத்து நிமிடம் உண்டு. பொஸ்னியாவிலிருந்து வந்து செசரியாவில் மீன்பிடித்தும் பயிரிட்டும் வாழ்ந்தவர்களுக்கு அரை நிமிடமும் இல்லை.

மசூதிக்கு அண்மையிலுள்ள கோட்டையைப் பிரித்தானியர் சிறைச்சாலையாக்கினர். 1930 யூன் 17இல் அங்கே மூன்று பலஸ்தீனர் தூக்கிலிடப்பட்டனர். பின்னர் இர்குன் இயக்கத்து இளைஞரும் தூக்கிலிடப்பட்டனர். ஏகாதிபத்தியத்தின் தூக்குமேடை இனபேதம் பார்க்கவில்லை. இன்றைய அரும்பொருட்சாலையோ யூதத் தலைமறைவு இயக்கக் கைதிகளின் பெயரிலேயே அமைந்திருக்கின்றது.

அக்காவிற் பிறந்த ஒருவரின் பெயரை வழிகாட்டி சொல்வாரென்று காலைமுதல் காத்திருந்தேன். அவர் கஸ்ஸான் கனபானி. 1936இல் பிறந்து, பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு அகதியாகி, டமாஸ்கசில் அகதிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராகி, எழுத்தாளராகி, பலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியின் பேச்சாளராகவும் விளங்கி, 1972 யூலையில் பெய்ரூத்தில் கார்க்குண்டுக்குப் பலியானவர். அவரது 'ஹைபாவுக்குத் திரும்புதல்' என்னும் குறுநாவல் 1969இல் வெளிவந்தது. அதுவும் ஒரு நாட்பிரயாணமே! 1967 யுத்தத்தின் பின் எல்லை திறக்கப்பட, சயீதும் மனைவி சபியாவும் ரமல்லாவிலிருந்து காரில் ஹைபாவுக்கு வருகின்றனர். 1948 ஏப்ரிலின் நெரிசலில், கைக்குழந்தையை வீட்டில் விட்டபடியே துறைமுகம்வரை அடித்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். இருபது ஆண்டுகளின் பின் தம் வீட்டு வாயில் மணியை அடிக்கின்றனர். கதவைத் திறப்பவள் போலந்திலிருந்து வந்த மிரியம்.

வீட்டினுள் அதே நாற்காலிகள், பூச்சாடியில் மயிலிறகுகள். முன்பு ஏழு இருந்தன, இப்போது ஐந்து. அந்த எண்ணிக்கையில் கனபானி சாதித்ததை எமது வழிகாட்டியின் பதினொரு மணித்தியாலமும் சாதிக்கவில்லை. உல்லாசப் பிரயாணி கண்டு வியக்கின்றான். சயீதோ எண்ணிப் பார்க்கின்றான். வீடு யாருடையதோ அவனுக்குத்தான் குறைந்தது எத்தனையென்று தெரியும்.

இந்நாவலில் குறையில்லை என்று நான் சொல்லமாட்டேன். யூதப் பெற்றோரின் பிள்ளையாக வளர்ந்து, இஸ்ரேலியப் படைவீரனாக வந்து நிற்கும் மகனோடு சயீது நிகழ்த்தும் விவாதம் ஓரிடத்தில் நாடக மேடைப் பேச்சாகிவிடுகின்றது. பாத்திரங்களின் வாயினூடாக ஆசிரியரே பேசுகின்றார். நமது முற்போக்குக் கதைகள் பலவற்றில் கண்ட குறையே இது. ஆனால், மிரியத்தை அவர் படைத்த விதத்தைப் பாருங்கள். அவளது தந்தை அவுஸ்விட்ஸில் மாண்டவர். ஹைபா வீதியில் இறந்த அராபியக் குழந்தை ஒன்றை விறகுக்கட்டைபோல் லொறியில் எறிவதைக் கண்டு, இந்நாட்டைவிட்டே போய்விட வேண்டுமென்று துடித்தவள் அவள். எதிரியின் துயரத்தை இவ்வளவு நேர்மையோடு எழுதியவர் தம் பிறந்த ஊரை இழந்த ஒரு போராளி என்பதை நினைக்கும்போது, கலைஞனின் நேர்மை என்பது யாதென்று விளங்குகின்றது. நடுநிலை வகிப்பதாகக் காட்டிக்கொள்ளும் பஸ் பிரயாணம் எந்தத் துயரத்தையும் எழுதவில்லை.

ஊரைவிட்டுப் போகாதவரும் உளர். ஹைபாவிற் பிறந்த எமில் ஹபீபி நாட்டைவிட்டுப் போகாதிருந்து பொதுவுடைமைக் கட்சிப் பணியும் 'அல் இத்திஹாத்' பத்திரிகைப் பணியும் செய்து, 1974இல் தம் புகழ்பெற்ற அங்கத நாவலை எழுதினார். 1996இல் மறைந்த அவரின் கல்லறையில், அவர் விருப்பப்படியே, ஹைபாவில் எஞ்சியிருப்பவர் என்று பொறிக்கப்பட்டுள்ளது. அக்காவுக்குக் கிழக்கே, சில மைல் தொலைவில், மஹ்மூத் தர்வீஷ் பிறந்த அல் பிர்வா கிராமம் இருந்தது, 1948இல் அழிந்தது. நம்மவர்க்கு அவரை எம். ஏ. நுஃமானின் மொழிபெயர்ப்புகள் எண்பதுகளிலேயே அறிமுகப்படுத்திவிட்டன. அன்று அந்தப் பஸ்ஸில் இருந்த நாற்பது பேரில், அவ்வழியே ஒரு கவிஞனின் கிராமம் இருந்ததென்று அறிந்திருந்தது கல்முனையிலும் யாழ்ப்பாணத்திலும் அச்சான தாள்களின் புண்ணியத்தால் நான் ஒருவனாக இருக்கலாம். சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது. பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை என்பதும் உடனே புரிந்தது.

திரும்பும் வழியில் இருள் கவிந்தது. பலர் உறங்கிவிட்டனர். வழிகாட்டி ஒலிவாங்கியை வைத்துவிட்டு என் பக்கத்து ஆசனத்தில் வந்தமர்ந்தார். "காலையில் ஒன்று கேட்டீர்கள்" என்றார். செசரியாக் கிராமத்தவர் 1948 பெப்ரவரியில், யுத்தம் முறையாகத் தொடங்குமுன்னரே, யூதப் படையினரால் வெளியேற்றப்பட்டனர் என்றும், வீடுகள் இடிக்கப்பட்டன என்றும், மசூதி பின்னாளில் உணவகமாகப் பயன்பட்டதென்றும் தாழ்ந்த குரலிற் சொன்னார். இதுபற்றி இஸ்ரேலிய வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கின்றனர், தாம் வாசித்திருப்பதாகவும் கூறினார். "பின் ஏன் சொல்வதில்லை?" என்றேன். யாரும் கேட்பதில்லை என்றார். பிறகு, கேட்டாலும் நேரம் இல்லை என்றார். பிறகு, விடுமுறைக்கு வந்தவர்களின் மனத்தைக் கெடுத்தால் கம்பெனிக்கு முறைப்பாடு போகும் என்றார். இம்மூன்றில் கடைசியானதே உண்மைக் காரணம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

இறங்குமுன் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வினாத்தாள் தரப்பட்டது. எந்த இடம் மிகவும் பிடித்தது, மதிய போசனம் எவ்வாறு இருந்தது, பிரயாணத்தில் எதை மாற்றலாம் என்பன வினாக்கள். கடைசி வினாவுக்கு நேரே, செசரியாவில் ஐந்து நிமிடம் கூட்டவும், மசூதிக் கோபுரத்தின் அடியில், என்று எழுதி அவரிடம் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு, மற்றத் தாள்களின் நடுவே செருகிக்கொண்டார்.