இழவும் அச்சமும்: ‘பெண்குயின்’ திரைப்படம் குறித்து

ஈஷ்வர் கார்த்திக் இயக்கி, 2020 சூனில் அமேசான் பிரைம் வழி வெளிவந்த ‘பெண்குயின்’, காணாமற்போன மகனைத் தேடும் கருவுற்ற தாயின் கதை. தொல்காப்பியர் இழவை அழுகையின் நிலைக்களங்களுள் ஒன்றாக வைத்தார், அச்சத்திற்குரியன வேறு. இப்படமோ முன்னதை விரைவிற் கைவிட்டு, சாப்ளின் முகமூடியைக் காட்டிப் பின்னதையே வளர்க்கின்றது. ஆண்டுகள் கழிந்து மீண்ட சிறுவன் வாய்திறவாதிருக்கும் காட்சிகளே மெய்யான உளவியல். அவையோ மிகச் சில. கருவுற்றாளுக்குத் தாயாகி வந்த இறைவனைத் தாயுமானவர் எனப் போற்றும் சிராப்பள்ளியிலிருந்து நோக்கும் எமக்கு, கீர்த்தி சுரேஷ் நடிப்பில் தோன்றும் தாய்த்துயர் கதைப்பின்னலில் இன்மை உறுத்துகின்றது. மகனைக் கவர்ந்தவள் தோழியே என்பது முடிவு. அவள் பொறாமைக்கு முன்னைக் காட்சிகளிற் போதிய வித்தில்லை. இறுதி உரையாடல் ஒன்றே அதனைச் சுமக்க முயன்று தளர்கின்றது.