பனியில் கட்டிய மங்கு

ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் துளியின் பொறுமை தெரியும். வெட்டிய பட்டையில் பால் நூலாய் இறங்கி, மங்கு என்கிற கிண்ணம் நிறையும்வரை யாரும் அதை அவசரப்படுத்த முடியாது. லடாக்கின் ஃபியாங் கிராமத்துப் பனித்தூபியைக் காணொளியில் பார்த்தபோது அந்த மங்குதான் நினைவுக்கு வந்தது. அங்கே பனியாறுகள் சுருங்க, விதைப்புக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு. அதனால் குளிர்காலத்து ஓடைநீரை மேட்டிலிருந்து குழாயில் இறக்குகிறார்கள். பம்பு இல்லை, மேட்டுநீரின் அழுத்தமே போதும். இரவில் உஸ்ஸென்று சீறி எழும் நீர், முள்கிளைகளில் விழுந்து உறைகிறது; எங்கள் ஈப்போவின் குனோங் ராப்பாட் குகைச் சுண்ணாம்புத் தூண்போல மடிப்பு மடிப்பாய், கிளையெல்லாம் கண்ணாடி நரம்பாய். குழாய் உறைந்து அடைத்துவிடாமல் அந்தக் குளிரில் எழுந்துபோய்ப் பார்க்கிறார்களே, அந்த விழிப்பின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு. கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்பு குறைவு. வசந்தத்தில் அது மெல்லக் கசிந்து, சொட்டுச் சொட்டாய் வயலுக்கும் மரக்கன்றுக்கும் இறங்குகிறது.