அடைத்த கதவு: ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ பற்றிய ஒரு நோக்கு

சங்கப் புலவர் அரசரைப் புகழ்ந்து பரிசில் பெற்று வாழ்ந்தவரேயென்று கூறுவோர் கோவூர்கிழாரை மறந்தவராவர். சோழர் குடியிற் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முட் பொருத காலத்தில், நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டையுட் புகுந்து கதவடைத்திருந்தான். அவன்முன் நின்று புலவர் பாடியது புறநானூற்றின் 44ஆம் செய்யுள். உள்ளே பாலின்றி அலறும் குழவிகளையும், பூவின்றி வெறுந்தலை முடியும் மகளிரையும், நீரின்றி வருந்தும் இல்லங்களையும் அவனுக்குக் காட்டுகின்றார். அறத்தை நாடுவையாயின் ‘உனதே கொள்க’ என்று எதிர்த்தவனுக்குக் கதவைத் திற. மறத்தை நாடுவையாயின் போர்செய்யத் திற. இரண்டுமின்றி மதிலுள் ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது என்பது அவர் கூற்றின் சாரம். புலவர் தோல்வியைப் பழிக்கவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. தீர்மானத்திற் பங்கில்லாதார் அத்தீர்மானத்தின் விலையைக் கொடுக்கின்றனரே என்பதுதான் அவரது முறையீடு.

இவ்வளவுகோலைக் கைக்கொண்டு நம் காலத்து நூலொன்றை நோக்குவாம்.

தமிழினி என்னும் இயக்கப் பெயரால் அறியப்பட்ட சிவகாமி 1972இல் பிறந்தவர், பரந்தனைச் சேர்ந்தவர். 1991இல் விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்ந்து, அதன் மகளிர் அரசியற்றுறைப் பொறுப்பாளராக உயர்ந்தார். போர் முடிந்த 2009இல் தடுத்து வைக்கப்பட்டு, சிறையிலும் புனர்வாழ்வு நிலையத்திலுமாக 2013 வரை இருந்தார். 2015 ஒக்ரோபர் 18ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவரது தன்வரலாறாகிய ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அடுத்த ஆண்டிற் காலச்சுவடு பதிப்பகத்தின் வழியே வெளிவந்தது.

வெளிவந்த நாள்முதல் நூல் படிக்கப்பட்டதினும் வழக்காடப்பட்டதே மிகுதி. துரோகம் என்றனர் சிலர். ஆசிரியர் மறைந்தபின் வந்தமையாற் பிறர் கை புகுந்ததோ என ஐயுற்றனர் வேறு சிலர். ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும் நூல் சாட்டும் குற்றங்களுக்கு அவ்வையம் விடையாகாது. சமாதான காலம் வீணானது, கட்டாய ஆட்சேர்ப்பு, ஒருவர் சொல்லே முடிவாதல் ஆகிய இவையெல்லாம் இலட்சக்கணக்கானோர் கண்ணாற் கண்டவை. 2005 நவம்பரில் நிகழ்ந்த சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்தாமும் வாக்களித்திலர். மகிந்த ராஜபக்ச நூற்றுக்கு 50.29 வாக்குகளால் வென்றார். மக்கள் தாமாகவா ஒதுங்கினர் என்பதை அந்நாளில் இங்கு வாழ்ந்தோர் அறிவர். பின்வந்த போர் வன்னி மக்கள் விரும்பி ஏற்ற போரன்று. வீட்டுக்கொருவர் எனக் கேட்கப்பட்டபோது பிள்ளைகளை ஒளித்து வைத்த தாய்மாரும், ஆட்சேர்ப்புக்கு அஞ்சி இளவயதிலேயே மணஞ்செய்து வைத்த தந்தையரும் அதற்குச் சான்று. இறுதி மாதங்களில் வன்னியே அடைத்த கோட்டையாயிற்று. 2011இல் வெளியான ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை, பாதுகாப்பு வலயங்கள்மீதும் மருத்துவமனைகள்மீதும் அரசபடை எறிகணை வீசியதையும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்துச் சுட்டதையும் ஒருங்கே கூறுகின்றது. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பவர் எப்பக்கத்தவராயினும் அவர் பேச்சுக்குச் செவிகொடுத்தல் வேண்டா.

உள்ளிருந்த ஒருவர் அக்கதவைப்பற்றிப் பேசுவதே இந்நூலின் பெறுமதி. பதினெட்டு ஆண்டுகள் நம்பிய தலைமையைக் குறித்து ஐயம் சிறிது சிறிதாகத் தோன்றி வளர்வதைப் படிக்கும்போது, அதிற் பகைமை குறைவாகவும் துயரம் மிகுதியாகவும் தோன்றுகின்றது. எனினும் ஒரு குறை சொல்லாதிருத்தல் இயலாது. தலைமையைத் தீர்ப்பிடும் இடத்திற் காணப்படும் தெளிவு, தாம் வகித்த பொறுப்பைப் பேசும் இடத்தில் இல்லை. மகளிர் அரசியற்றுறையின் தலைவி ஊரூராக மேடையேறியவர்; அவர் சொல்லைக் கேட்டுச் சென்ற பெண்கள் பலர். வருத்தம் தெரிவிக்கின்றார், உண்மை. ஆனால் தலைவர் பிழைத்தார் என்பதனோடு நூல் பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. ஒரு தலைவர் கேள்வியின்றி முடிவெடுக்க எத்தனை பேருடைய மௌனம் வேண்டியிருந்தது என்னும் வினா தொடப்பட்டு விடப்படுகின்றது. அது தமிழினியிடம் மட்டும் கேட்கத்தக்க வினாவுமன்று. பாடசாலை, கோயில், பத்திரிகை என அனைத்திடமும் கேட்கத்தக்கது.

இவ்வகையிற் கோவிந்தன் எழுதிய ‘புதியதோர் உலகம்’ மேலும் ஆழமானது எனத் தோன்றுகின்றது. புளொட் இயக்கத்தை 1985இன் தொடக்கத்தில் விட்டகன்ற குழுவினருள் ஒருவரான அவர், அதே ஆண்டில் அந்நாவலை வெளியிட்டார். விடுதலையின் பெயரால் தமிழ்நாட்டுப் பயிற்சி முகாம்களில் நிகழ்ந்த சித்திரவதையும் கொலையும் அதன் பொருள். அங்கே தலைமையின் கொடுமை ஒருவரது குணக்கேடாக நில்லாமல், கீழே உள்ளோர் பழகிக்கொண்ட வழக்கமாகவும் காட்டப்படுகின்றது. கலைநயத்திற் குறைகள் உள; அவசரத்தில் எழுதப்பட்ட பகுதிகளும் உள. அந்த அவசரம் காரணமற்றதன்று. கோவிந்தன் 1991இல் விடுதலைப் புலிகளாற் கொண்டுசெல்லப்பட்டு மீளாதவர். அதற்கு முன், ‘முறிந்த பனை’யின் ஆசிரியருள் ஒருவரான ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் யாழ்ப்பாணத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு, இந்தியப்படை, இயக்கங்கள் என எவரையும் விட்டுவைக்காது எழுதியவர் அவர். தமிழினி தோற்றபின் பேசுகிறார் எனக் குறைகூறுவோர், தோற்குமுன் பேசியோருக்கு நேர்ந்ததையும் கூடவே சொல்லக் கடமைப்பட்டவர்கள். கோவூர்கிழாரை நெடுங்கிள்ளி பேசவிட்டான் என்பதையும் நாம் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

இந்நூல் சாமிநாதன் விமலின் மொழிபெயர்ப்பாற் சிங்கள வாசகரையும் அடைந்தது. புலிகளின் குற்றத்துக்கு வாக்குமூலமாக மட்டும் அதைப் படிப்போர் தெற்கில் இருப்பர். அது நூலின் பிழையன்று. 2016ஆம் ஆண்டிலேயே படைத்தலைவர் கமால் குணரத்ன எழுதிய நந்திக்கடல் நூலும் வெளிவந்தது. அது வென்றவர் எழுதிய வெற்றி வரலாறு. உயர்வகுப்பு மாணவர் இரண்டையும் அருகருகே வைத்து, கோவூர்கிழார் காட்டிய பாலும் பூவும் நீரும் எந்நூலில் எத்தனை பக்கம் பெறுகின்றன எனத் தேடிப் பார்க்கலாம்.