டப்பாவுடன் வந்த புத்தகம்

யாருமே விமர்சனம் எழுதாத புத்தக வகை ஒன்று உண்டு. மிக்ஸி, வாஷிங் மெஷின், செட்-டாப் பாக்ஸ் வாங்கும்போது அட்டைப்பெட்டிக்குள் தெர்மோகோலுக்கு அடியில் கிடக்குமே, அந்த மேனுவல். ஆசிரியர் பெயர் கிடையாது. 'எங்கள் குடும்பத்தில் இணைந்ததற்கு நன்றி' என்று முன்னுரை மட்டும் உண்டு. குடும்பத்தில் இணைந்தபின் அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரிசையில் இருபதாவது ஆள் என்கிறார்கள். இந்த வாரம் அப்படி ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தேன். நாற்பது பக்கம். படித்து முடித்தபோது ஒரு நாவல் படித்த களைப்பு; கதைதான் புரியவில்லை.

இது ஒரு டி.டி.எச். கம்பெனியின் புது மாதிரி டப்பாவுக்கான கையேடு. பெயர் வேண்டாம். நான் பார்த்த மற்ற சிலவும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான்.

2003-ல் நம் ஊருக்கு டி.டி.எச். வந்தபோது டப்பாவின் வாழ்க்கை எளிமையாக இருந்தது. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஒரே ஒரு வயர். படம் போனால் மழை, காற்று, காக்கா இவற்றில் ஒன்றைத் திட்டலாம். 2019, 2020 வாக்கில் இரட்டை டப்பாக்கள் வந்தன. சீரியலும் செய்தியும் 36,000 கிலோமீட்டர் உயரத்துச் சாட்டிலைட்டிலிருந்து. சினிமாவும் யூடியூபும் வீட்டு ரவுட்டரிலிருந்து வை-ஃபை வழியாக. ஒரு திரை, இரண்டு குடித்தனம். அதனால் ஏதாவது நின்றுபோனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எந்தக் குடித்தனத்தில் சண்டை?' என்பது. நாற்பது பக்கத்தில் இந்தக் கேள்வி ஓரிடத்திலும் இல்லை. இதுதான் என் முதல் புகார்.

பாதுகாப்பு எச்சரிக்கைக்கு ஆறு பக்கம். டப்பாவைக் குளியலறையில் வைக்காதீர்கள் என்கிறது. சரி, வைக்கவில்லை. நெட்வொர்க் தகராறுக்கு அரைப் பக்கம். அதன் சாரம், 'நெட்வொர்க் இணைப்பு இல்லையெனில் நெட்வொர்க் இணைப்பைச் சரிபார்க்கவும்.' காய்ச்சல் என்று போனவரிடம் டாக்டர் 'உடம்பு சுடாமல் பார்த்துக்கொள்ளுங்க' என்று ஃபீஸ் வாங்குவதுபோல. மேலும் உதவிக்கு எங்கள் இணையதளத்தைப் பாருங்கள் என்று கடைசி வரி. கிணற்றில் விழுந்தவனிடம், கயிறு மேலே பெட்டிக்கடையில் கிடைக்கும் என்கிறார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். டப்பாவின் முதுகுப்புறப் படம் தெளிவாக இருக்கிறது. எந்த ஓட்டையில் எந்த வயர் என்பதில் குழப்பம் இல்லை. தமிழுக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தமிழ் ரவுட்டரைத் 'திசைவி' என்கிறது, நெட்வொர்க்கைப் 'பிணையம்' என்கிறது. நல்ல சொற்கள்தான். ஆனால், டி.வி. திரையில் 'நெட்வொர்க்' என்று ஆங்கிலத்தில் வருகிறதே. புத்தகத்தில் ஒரு சொல், திரையில் வேறு சொல் என்றால் படிப்பவர் எதை எதோடு பொருத்துவது?

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் இருக்கும் என் அத்தை போனில் கேட்டது இதைத்தான்.

"ஏம்ப்பா, டப்பாவுல என்னமோ இங்கிலீசுல எழுதி நிக்குது."

"என்ன எழுத்து அத்தை?"

"மொதல்ல ஒரு ஈ. அப்புறம் மூணு நம்பரு. புஸ்தகத்துல தேடிட்டேன், அந்த நம்பரே இல்ல. நான் படிக்கத் தெரியாதவளாய்யா?"

அந்தக் கடைசிக் கேள்வியால்தான் இந்த விமர்சனம். அத்தை அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்.

புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் சாதாரண விஷயமில்லை. 1991-ல் அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். எழுத்தும் சைக்கிளும் அவர்களுக்குக் கொடுத்தது ஒன்றைத்தான்: இன்னொருவர் வரட்டும் என்று காத்திருக்காமல் தானே போய்க் காரியத்தை முடிக்கும் தெம்பு. அந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண், மெக்கானிக் எப்போது வருவாரோ என்று வாசலைப் பார்க்கிறார். படிக்கத் தெரிந்தவரை மறுபடி கைநாட்டு ஆக்குகிறது இந்தப் புத்தகம். என் பெரிய புகார் இதுதான்.

இது எழுத முடியாத விஷயமா? இல்லை. ஒரு பக்கம் போதும்.

முதலில், சாதாரண சேனல்கள் வருகின்றனவா? வந்தால் டிஷ் சௌக்கியம், மொட்டை மாடி ஏற வேண்டாம். சேனல் போய், இன்டர்நெட் படம் மட்டும் ஓடினால் அது வானத்துச் சமாச்சாரம். கனமழை என்றால் விடும்வரை பொறுங்கள். மழைத்துளி சாட்டிலைட் சிக்னலைத் தின்றுவிடும்.

அடுத்து, செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வை-ஃபையில் ஏதாவது பாருங்கள். அதிலும் வரவில்லையா? டப்பா நிரபராதி. ரவுட்டரையோ இன்டர்நெட் கொடுப்பவரையோ கேளுங்கள். போனில் வந்து டப்பாவில் மட்டும் வரவில்லை என்றால், தகராறு ரவுட்டருக்கும் டப்பாவுக்கும் நடுவே.

அப்போது டப்பாவின் செட்டிங்ஸில் ஐ.பி. அட்ரஸ் என்ற எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்குகிறதா? டப்பா ரவுட்டரிடம் 'எனக்கு ஒரு விலாசம் கொடு' என்று கேட்டு, பதில் வராமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கரன்ட் போய் வரும் ஊர்களில் இது சகஜம். டப்பா முந்தி எழுந்துவிடும், ரவுட்டர் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் அணையுங்கள். ரவுட்டரை முதலில் போட்டு மூன்று நிமிஷம் விடுங்கள். பிறகு டப்பா. 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதை முதலில் என்பதில்தான் சூட்சுமம்.

கடைசியாகச் சுவர். இதே மாவட்டத்தில் கடியாபட்டி, ராயவரம் போன்ற ஊர்களில் செட்டிநாட்டு வீடுகள் இருக்கின்றன. முகப்பில் ரவுட்டர், இரண்டு கட்டு தாண்டி டி.வி. என்றால், அந்தக் கனத்த சுவர்களை வை-ஃபை தாண்டாது. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு இருந்தால் 2.4 சுவரைக் கொஞ்சம் நன்றாகத் துளைக்கும். அதுவும் தோற்றால் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும்.

அவ்வளவுதான். இதை எழுதத் தொழில்நுட்ப மேதை வேண்டாம். படிப்பவர் தனியாக, கையில் ரிமோட்டோடு, உதவிக்கு ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கற்பனை செய்யத் தெரிந்தவர் போதும். நாவலாசிரியர்களிடம் நாம் கேட்பதும் அதைத்தானே?

எழுதியவர் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் ஏதாவது ஒரு கிராமத்தில், ஒரு அம்மாவிடம் டப்பாவையும் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் அரை மணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். எந்த வரியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும்.

மதிப்பெண் கேட்பீர்கள். படத்துக்குப் பத்துக்கு எட்டு. பாதுகாப்புக்கு ஏழு. வாசகரை மதித்ததற்கு ஒன்று. அந்த ஒன்றும் தமிழில் நாலு பக்கம் போட்டதற்காக.