பாட்டிக்கு யார் பதில் சொல்வது?
(கதை வடிவங்களை ஒப்பிடச் சிறார்க்குக் கற்பித்தல் குறித்து)

நாட்டுப்புறக் கதை ஒன்றின் வெவ்வேறு வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சிறு குழந்தைகளைப் பழக்கும் முறை இன்று கல்வியாளரிடையே பெருமதிப்புப் பெற்றுள்ளது. அமெரிக்க மாநிலங்கள் பலவும் ஏற்றுக்கொண்ட, 2010ஆம் ஆண்டில் வெளியான பொதுக் கல்வித் தரங்கள், இரண்டாம் வகுப்பிலேயே இப்பயிற்சி வேண்டும் என்று கூறி, சிண்ட்ரெல்லா கதையை எடுத்துக்காட்டாகச் சுட்டின. நம் ஆசிரியர் சிலரும் இம்முறையைக் கையாளுகின்றனர். முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது நடைபெறும் விதம் குறித்துச் சிலவற்றைச் சொல்ல வேண்டியுள்ளது.

கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழிக்கப்படுகிறது. இப்பக்கம் ஒரு வடிவம், அப்பக்கம் மற்றொரு வடிவம். வேறுபாடுகளைக் குழந்தைகள் சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதுகிறார். பட்டியல் நிறைந்ததும் பாடம் முடிகிறது. இது பாதி வேலை மட்டுமே என்பது நம் கருத்து. எது வேறுபட்டது என்பது கண் காணும் செய்தி. ஏன் வேறுபட்டது என்று கேட்கும்போதுதான் அறிவு விழிக்கிறது.

யாவரும் அறிந்த காகம், நரி கதையையே எடுத்துக்கொள்வோம். கி.பி. முதல் நூற்றாண்டில் ஈசாப் கதைகளை லத்தீனில் செய்யுளாக்கிய ஃபீட்ரஸ், ஒரு சன்னலிலிருந்து பாலாடைக்கட்டியைக் காகம் கவர்ந்து சென்றதாகப் பாடினார். கட்டி யாருடையது என்ற பேச்சே அங்கு இல்லை. புகழ்ச்சிக்கு மயங்குவோர் பொருளிழப்பர் என்பதே அவர் சொல்ல விழைந்தது. நம் தமிழ்க் கதையிலோ வடை சுடும் பாட்டி வந்து அமர்ந்துவிடுகிறாள். பொருளுக்கு உரியவள் ஒருத்தி உண்டு, அவளும் ஏழை, வடை விற்றுத்தான் அவள் வயிறு நிறைய வேண்டும். கதை அவளிடம் தொடங்குகிறது. ஆனால் அவளை மறந்துவிட்டு நரியின் வெற்றியோடு முடிகிறது. பிற்காலத்தார் சிலர் முடிவை மாற்றினர். காகம் வடையைக் காலடியில் இடுக்கிக்கொண்டு பாடுகிறது. நரி ஏமாந்து போகிறது. ஏமாந்த காகத்துக்காக இரங்கியவர் செய்த மாற்றம் இது. இதிலும் பாட்டிக்கு எதுவும் திரும்பவில்லை.

இக்கதையைச் சொல்லி முடித்ததும், 'பாட்டிக்கு யாரு துட்டுக் குடுப்பா?' என்று ஏதேனும் ஒரு குழந்தை கேட்பதுண்டு. பல வகுப்புகளில் அக்கேள்வி சிரிப்பொலியில் கரைந்துவிடுகிறது. பட்டியலில் அதற்கு இடமில்லை. உண்மையில் அன்றைய பாடத்தின் உயிர் அக்கேள்வியில்தான் இருக்கிறது. முன்னவர் விடை சொல்லாது விட்ட ஒரு வினாவிலிருந்தே கதையின் புதிய வடிவம் பிறக்கிறது.

இதற்குப் பெருஞ்சான்று அரபு இலக்கியத்தில் உண்டு. பஞ்சதந்திரத்தின் முதல் பகுதியில், சிங்கத்துக்கும் எருதுக்கும் இருந்த நட்பைத் தமனகன் என்னும் நரி கோள் சொல்லிக் குலைக்கிறது. குற்றமற்ற எருது சிங்கத்தால் மடிகிறது. வருந்தும் சிங்கத்தைத் தேற்றிவிட்டுத் தமனகன் அமைச்சனாகவே நீடிக்கிறது. அரசியல் சூழ்ச்சியை இளவரசர்க்கு உணர்த்தவந்த நூலுக்கு அம்முடிவு போதுமானதாக இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் பஹ்லவி மொழிக்குச் சென்ற அந்நூலை, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ 'கலீலா வ திம்னா' என அரபியில் தந்தார். அரபு நூலில் ஓர் அத்தியாயம் கூடுதலாக உள்ளது. அது அவரே சேர்த்தது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அதில் திம்னா விசாரணைக்கு நிறுத்தப்படுகிறது. நரிகளிரண்டின் பேச்சை மறைவில் கேட்ட சிறுத்தை, ஒற்றைச் சாட்சியால் தீர்ப்பு நிலைபெறாது என்று கருதி வாளாவிருக்கிறது. பின்னர்ச் சிறுத்தையும், சிறையில் திம்னாவின் பேச்சைக் கேட்ட மற்றொரு விலங்கும் சாட்சி சொல்கின்றன. திம்னா தண்டனை பெறுகிறது. இரு சாட்சிகள் வேண்டும் என்னும் நெறி அறிந்த சமுதாயத்தின் கைபட்டதும் கதையில் வழக்குமன்றம் முளைத்தது. 'இறந்த எருதுக்கு யார் பதில் சொல்வது?' என்பதே அவ்வத்தியாயத்தின் அடியில் கிடக்கும் வினா. பாட்டியின் துட்டைப் பற்றிக் கேட்ட குழந்தையும் இதே வினாவைத்தான் கேட்டது.

கடம்பூரைச் சூழ்ந்த கரிசல் பூமியில் இப்பாடத்துக்கு வெளியூர்க் கதைகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. அருகிலுள்ள இடைசெவலில் 1923இல் பிறந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன், வாய்மொழிக் கதைகளைத் தொகுத்து, 2007இல் 'நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்' என நமக்கு அளித்துச் சென்றார். கழனியூரன் என்னும் பெயரில் எழுதிய அப்துல் காதர், 2017இல் மறையும் வரை நெல்லைச் சீமைக் கதைகளைத் திரட்டினார். இவர்கள் பணியால் பல கதைகள் அழிவிலிருந்து தப்பின. ஆயினும் அச்சேறிய வடிவம் எதுவாயினும், அதுவே சரியான வடிவம் என்னும் மயக்கம் எளிதில் உண்டாகிவிடும். வீட்டில் பாட்டி வேறு விதமாகச் சொன்னால், 'பாட்டி தப்பாச் சொல்லுது' என்று குழந்தை தீர்ப்பு எழுதிவிடும். ஏடறியாத ஒரு மூதாட்டியின் சொல் தன் பேரப்பிள்ளையிடமே மதிப்பிழப்பது சிறிய இழப்பன்று. பிழையாக ஒப்பிடக் கற்பித்தால் அவ்விழப்பைப் பள்ளியே செய்ததாகும்.

ஆகவே நூலின் வடிவத்தையும் வீட்டின் வடிவத்தையும் சமமாக வைத்து மூன்று வினாக்கள் கேட்கலாம். எங்கே மாறுகிறது? மாற்றியவர் யாருக்காக இரங்கினார்? இன்னும் யாருக்குப் பதில் கிடைக்கவில்லை? மூன்றாம் வினாவுக்கு விடை தேடும் குழந்தை தானே ஒரு வடிவத்தைச் சொல்லத் தொடங்கும்.

எல்லா வடிவமும் ஏற்புடையது என்று பழகிய பிள்ளை, உண்மைக்கும் பொய்க்கும் வேறுபாடு காணாது போகாதா என்று சிலர் அஞ்சக்கூடும். அச்சம் நியாயமானதே. ஹதீஸ் கலையில் ஒரே செய்தியின் பல அறிவிப்புகளை ஒப்பிடுவது, அறிவித்தவரையும் அறிவிக்கப்பட்டதையும் எடைபோட்டு வலுவானதைத் தேர்வதற்கே. அங்கு இரக்கத்தால் எவரும் ஒரு சொல்லைக் கூட்ட இயலாது. நடந்ததைச் சொல்லும் செய்தி வேறு. நடக்க வேண்டியதை எண்ணிப் புனையும் கதை வேறு. முன்னதில் வேறுபாடு வந்தால் விசாரிக்க வேண்டும். பின்னதில் வந்தால் செவிகொடுக்க வேண்டும். கைப்பேசி வழியே நாளும் வதந்திகள் வந்து குவியும் இக்காலத்தில், இவ்விரண்டையும் பிரித்தறியும் பழக்கம் ஏழெட்டு வயதிலேயே வேண்டும். அதற்கு நூலுடன் பாட்டியின் கதையும் வகுப்பறைக்குள் வரட்டும்.