காட்டிலே ஆசான், மேடையிலே காட்சிப்பொருள்

பூர்வகுடி மக்களோடு பிரயாணிகளைப் பழகவிட்டு, அதனால் வரும் வருவாயைக் கொண்டு அம்மக்களையும் அவர்களுடைய காட்டையும் ஒருசேரக் காப்பாற்றிவிடலாம் என்னும் கொள்கை இன்று உலகெங்கும் பெரிதும் சிலாகிக்கப்படுகிறது. சிலாகிப்போர் அனைவரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆயினும், கொள்கை அளவிலே போற்றிக்கொண்டிராமல், அது நெடுநாளாக அனுஷ்டானத்தில் இருந்துவரும் ஓரிடத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது நலம். அதற்குத் தேக்கடியைக் காட்டிலும் தகுந்த இடம் நமக்கு அண்மையில் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறினால் எதிர்ப்படும் அவ்வனத்தில் வாழும் மன்னான்களும் பளியர்களும் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். மன்னான்கள் தம் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து வந்தவர்கள் என்று பரம்பரையாகச் சொல்லிவருகின்றனர். பளியர் பேச்சோ தமிழின் ஒரு கிளைவழக்கே.

1895-இல் கட்டிமுடிந்த முல்லைப் பெரியாறு அணை அக்காட்டின் நடுவே ஓர் ஏரியை உண்டாக்க, 1978-இல் காடு முழுவதும் புலிகள் காப்பகமாக, தேனும் மீனும் குங்கிலியமுமாக வனத்தையே நம்பி ஜீவித்த குடிகள் தம் வாசலிலேயே குற்றவாளிகளாயினர். குமுளியைச் சுற்றி, 'வயணா' என்று அங்கே வழங்கும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையைக் களவாக உரித்து விற்ற கூட்டமொன்றும் இருந்தது. 1996-இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, வனத்துறை அதிகாரிகள் அக்கூட்டத்தாரோடு சமாதானம் பேசி, அவர்களையே ஒரு குழுவாக்கிக் காவலுக்கும் வழிகாட்டலுக்கும் அமர்த்தினர். ஆதிவாசிகளுக்கும் தனிக் குழுக்கள் ஏற்பட்டன. துப்பாக்கியாலும் சிறையாலும் ஆகாத காரியம் இதனால் ஆயிற்று என்பதை மறுப்பது நியாயமாகாது.

இம்முறையின் உண்மையான சிறப்பைக் காண வேண்டுமானால் காட்டுநடைக்கே போக வேண்டும். அட்டை ஏறாதிருக்க முழங்கால்வரை துணியுறை கட்டிக்கொண்டு, பட்டணத்துப் பிரயாணி தடுமாறி நடக்க, முன்னே செல்லும் வழிகாட்டி சட்டென்று நின்று யானை லத்தியைக் குச்சியால் கிளறுகிறார்; உள்ளே ஈரமும் சூடும் எவ்வளவு என்று பார்த்து, கூட்டம் எத்திசையில் எவ்வளவு நேரத்துக்கு முன் போயிற்று என்று சொல்லிவிட்டு, வேறு பாதையில் அழைத்துப் போகிறார். அந்த நேரத்தில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் மாணாக்கர். பள்ளியையே கண்டிராதவர் ஆசான். தானதர்மங்களால் விளையாத மரியாதை, உயிர் பிழைக்க ஒருவருடைய ஞானத்தை நம்பவேண்டிய நிலையில் இயல்பாகவே விளைந்துவிடுகிறது.

அதே பிரயாணி மாலையில் ஆதிவாசி நடனம் பார்க்கப் போகிறார். இங்கேதான் என் மனம் ஒப்பவில்லை. மன்னான்களுடைய கூத்து, கோவலன் கண்ணகி கதையை இரவெல்லாம் ஆடிக்காட்டும் வழிபாடு. அதற்குரிய காலமும் இடமும் உண்டு; அதைக் காணும் சுற்றத்தாருக்குக் கதையின் ஒவ்வொரு திருப்பமும் தெரியும். அத்தகைய கலை நுழைவுச்சீட்டுக்கு உட்பட்டு, இராச்சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட வேண்டிய துண்டாகக் குறுகும்போது, ஆடுபவர் யார், எதற்காக ஆடுகிறார் என்பதெல்லாம் மறைந்து, கோலமும் கொட்டும் மாத்திரம் எஞ்சுகின்றன. மேடை இல்லையேல் இளைஞர் கூத்தையே மறந்துவிடுவர் என்று சொல்வோரின் வாதத்தில் சிறிது உண்மை உண்டு. ஆனால் மேடைக்காகக் கற்றவர் மேடைக்கு வேண்டிய அளவே கற்பார்.

இதனினும் பெரிய குறை நிர்வாகத்தில் இருக்கிறது. ஆதிவாசிக் குழுக்களுக்குத் தலைவர் அவர்களுள் ஒருவரேயாயினும், செயலாளர் வனத்துறை அலுவலர். கணக்கும் கடிதப் போக்குவரத்தும் எவர் கையில் இருக்கின்றனவோ அவர் கையில் அதிகாரமும் இருக்கும் என்பது, நம் நாட்டுச் சங்கங்களில் ஒருநாளேனும் அங்கத்தினராயிருந்த எவருக்கும் தெரியும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராமசபைக்கு அளித்த உரிமையோடு ஒப்பிட்டால், அன்றாடக் கூலியும் சேமநிதியும் நன்மைகளே தவிர உரிமைகளல்ல.

உரிமை அடியோடு இல்லாதபோது இம்முறை எவ்வளவு இழிவுறும் என்பதற்கு அந்தமானே சான்று. ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலையில், குகை பார்க்கப் போகும் பிரயாணிகள் வழியில் மனிதரைப் பார்த்து பிஸ்கட் எறிந்தனர். பெண்களை ஆடச்சொல்லி எடுத்த படம் 2012-இல் வெளியாகி உலகம் திடுக்கிட்டது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அப்பிரயாணிகளுக்கு விதித்த தடையும் சில வாரங்களே நின்றது. இதற்கு நேர்மாறாக, ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை 1985-இல் அனங்கு மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அவர்கள் பெரும்பான்மையாக அமர்ந்த நிர்வாகக் குழு 2017-இல் தீர்மானித்தபடி, 2019 அக்டோபர் 26 முதல் பாறைமேல் ஏறுவது நின்றது. ஏறமுடியாத பாறையையும் பார்க்க ஜனங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றனர்.

தேக்கடியிலோ, மூடிவைக்கும் வழக்கம் புதிதன்று. காப்பகத்தினுள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரா பௌர்ணமி ஒருநாளே அனுமதி. முணுமுணுத்துக்கொண்டேனும் பக்தர்கள் அவ்விதிக்கு உட்படுகின்றனர். கோயிலுக்கு இசைந்தவர்கள் கூத்துக்கு இசையமாட்டார்களா? மாலை மேடையை நிறுத்திவிடலாம். அதனால் குறையும் வருவாயைக் காட்டுநடையின் கட்டணத்தில் ஏற்றிக்கொள்ளலாம். அக்கட்டணம் எவ்வளவு, எந்தக் குடியிருப்புக்குள் எந்த மாதத்தில் அந்நியர் வரலாகாது என்பவற்றை லத்தியைக் கிளறிப் பாதையை மாற்றும் அந்த வழிகாட்டிகளே கூடி நிர்ணயிக்கட்டும். வனத்துறை அலுவலர் அத்தீர்மானத்தை எழுதிக்கொள்ளட்டும்.